“உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்மா?”

[காட்சி: சிறிய அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், மடியில் நோட்டுடன் ஒரு மாணவி]

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் இவள். தேர்வுகளில் நல்ல மதிப்பெண். இன்று முதன்முதலாக ஆலோசனை கேட்டு வந்த ஒருவர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவரின் குடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக் கேட்கிறார்: “உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்மா?”

மாணவிக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நோட்டில் எழுதிவந்த கேள்விகளில் இதற்குப் பதில் இல்லை. அன்று மாலை விடுதியில், “இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படாது” என்று அழுகிறாள்.

பாடம் தெரியாததால் வந்த அழுகை அல்ல இது. தெரிந்திருப்பது வேறு, ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று நம்புவது வேறு. இந்த நம்பிக்கையைத்தான் தன்னாற்றல் நம்பிக்கை என்கிறோம். 1977-இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா.

[காட்சி: கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாம்பு]

பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிலர், இன்னொருவர் பாம்பைக் கையாளுவதைப் பார்க்க மட்டும் செய்தார்கள். சிலர், சிகிச்சையாளர் உடனிருக்க, படிப்படியாகத் தாங்களே பாம்பைத் தொட்டுத் தூக்கினார்கள். நம்பிக்கை அதிகம் வளர்ந்தது தொட்டவர்களிடம்தான். ‘உன்னால் முடியும்’ என்று பிறர் சொல்லிக் கேட்பதால் வரும் நம்பிக்கை, தானே செய்து பெறும் நம்பிக்கையைவிட வலுக் குறைந்தது என்றும் பண்டூரா எழுதினார்.

வகுப்பில் நூறு ஸ்லைடு காட்டிவிட்டுக் கடைசிப் பருவத்தில் மாணவரைத் திடீரென்று அந்த நாற்காலியில் உட்கார வைப்பது, எனக்குக் கொடுமையாகவே படுகிறது. களப்பயிற்சிக்குப் போன இடத்தில் பதிவேட்டைப் பார்த்து எழுத மட்டும் வைத்தால் ஆர்வமும் வற்றிவிடும். தானே முடிவெடுக்கும் இடம், திறன் வளர்கிறது என்ற உணர்வு, மனிதரோடு ஒட்டுதல் ஆகிய மூன்றும் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு, அதாவது பரிசோ கட்டாயமோ இல்லாமல் உள்ளிருந்தே வரும் ஆர்வத்துக்கு, வேண்டும் என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சொன்னார்கள். பதிவேட்டில் இவற்றில் ஒன்றுமே கிடைக்காது.

[காட்சி: அதே அறை. மாணவியின் எதிரே இப்போது மேற்பார்வையாளர்]

“அவர் உன் கல்யாணத்தைப் பற்றியா கேட்டார்?”

“அப்படித்தானே கேட்டார், மேடம்?”

“தன் கஷ்டம் உனக்குப் புரியுமா என்று கேட்டிருக்கிறார். இரு, நான் அந்த அம்மாவாக உட்கார்கிறேன். பதில் சொல்லு.”

முதல் முறை மாணவி சிரித்துவிடுகிறாள். இரண்டாம் முறை குரல் எழவில்லை. ஐந்தாம் முறை, தன் சொந்த வார்த்தை வருகிறது.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் இவளே தொடங்குகிறாள்.

“போன வாரம் கேட்டீர்களே அம்மா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னிடம் சொன்னால் புரியுமா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?”

அவர் சிறிது நேரம் இவள் முகத்தையே பார்க்கிறார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறார்.