தர்மன் சண்முகரத்னம் ஏறி வந்த படிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து பாலத்தைக் கடந்து நம் பிறைக்கு வந்திருக்கும் டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலய நிர்வாகத்தினரே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்ற தங்கைமார்களே, வணக்கம். டத்தோ அவர்கள் போன வருடம் நம் ஞாயிறு வகுப்புக்கு இருபது மேசை வாங்கிக் கொடுத்தார். மேடையில் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்னத்தைப் பற்றி, குடும்பம், உத்தியோகம், அரசியல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசச் சொன்னார்கள். 2023 செப்டம்பர் 1 தேர்தலில் அன்னாசிச் சின்னத்தில் நின்று 70.4 விழுக்காடு வாக்கு வாங்கினார். 14-ஆம் தேதி பதவியேற்றார்.

முதலில் குடும்பம். 1957-ல் பிறந்தவர். இலங்கைத் தமிழ் வேர். அப்பா பேராசிரியர் சண்முகரத்தினம், சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கிய மருத்துவர். மகன் லண்டனில் பொருளாதாரம் படித்தார், அப்புறம் கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட். வசதியான வீட்டுப் பிள்ளைதானே என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். பேராசிரியர் வீட்டில் பிள்ளை உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லாமலா இருந்திருக்கும்?

போன மாதம் இங்கே ஓர் அடுக்குமாடிக்குப் போயிருந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. நாலாம் மாடிப் படிக்கட்டில் ஒரு தம்பி, ஐந்தாம் படிவ மாணவன். கவிழ்த்த பெயிண்ட் டின்மேல் புத்தகம். வீட்டுக்குள்ளே இரண்டு தம்பிகள், தாத்தாவின் டிவி. யாராவது ஏறி வந்தால் காலை மடக்கி வழிவிடுகிறான், "வாங்க அங்கிள்" என்கிறான், மறுபடி குனிந்துகொள்கிறான். நான் நின்ற நேரத்தில் பதினொரு முறை எழுந்தான். என்னப்பா படிக்கிறாய் என்றேன். "இப்ப சரித்திரம் அங்கிள். நடுவுல எழுந்தாலும் விட்ட இடம் தெரியும். பத்து மணிக்கு மேல யாரும் ஏற மாட்டாங்க, அப்ப கணக்கு" என்றான். படிக்கட்டில் ஆள் நடமாட்டத்துக்கு ஏற்ப அட்டவணை போட்டிருக்கிறான் அந்தப் பிள்ளை! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று என் பாட்டி சொல்வார். இவன் அடிக்கத் தயார். அம்மியை வைக்க நாம் இடம் கொடுத்தோமா?

உத்தியோகத்துக்கு வருகிறேன். அந்நாட்டு மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்தில் இருந்தபோது அரசு ரகசியச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கு வந்தது. 1994-ல் 1,500 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். வேறொருவர் என்றால் அங்கேயே ஒடிந்திருப்பார். 2001-ல் ஜூரோங் குழுத்தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனார், கல்வி அமைச்சர், நிதி அமைச்சர், துணைப் பிரதமர் ஆனார், அதே ஆணையத்துக்கே தலைவரானார். அடிமேல் அடி!

அவர் அறங்காவலர் குழுத் தலைவராக இருந்த சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் இந்தியர் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு நடக்கிறது. நம்மால் முடியாதா? அரசியலை இன்னொரு நாள் பேசுவோம், இதுதான் அவசரம்.

டத்தோ கொடுத்த மேசைகள் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பின்னறையில் சும்மா அடுக்கிக் கிடக்கின்றன. திங்கள் முதல் வியாழன்வரை, இரவு ஏழரை முதல் பத்துவரை மண்டபத்தைத் திறந்து வைக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது. மாதம் ஐந்து வெள்ளி கொடுக்க நூறு பேர் வேண்டும். கணக்கு சொல்லித்தர இரண்டு பேர் வேண்டும். வாசலில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது. பெயரை எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போங்கள்.