பழைய உணவு, புதிய வேளை

"எங்கள் வீட்டில் இன்றும் முன்னோர் உண்ட உணவைத்தான் சமைக்கிறோம்; அப்படியிருந்தும் எல்லோருக்கும் எடை கூடுகிறதே, ஏன்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். சில நாள்களாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது.

உணவு மாறவில்லை என்பதை ஏற்கிறேன். உண்ணும் வேளை மாறியிருக்கிறதா என்பதை அவர் சொல்லவில்லை. உறக்கம், பசி, சுரப்புகள் ஆகியவற்றைப் பகல், இரவுக்கு ஏற்ப இயக்கும் உள் ஒழுங்கை உடல் கடிகாரம் என்கிறோம்; அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒரே உணவை ஒரே அளவில் உண்டாலும், காலையைக் காட்டிலும் பின்னிரவில் இரத்தச் சர்க்கரை பொதுவாகக் கூடுதலாக ஏறுகிறது. இருட்டியபின் சுரக்கும் மெலடோனின் என்ற உறக்க ஹார்மோன், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் சுரப்பை மட்டுப்படுத்துவது அதற்கு ஒரு காரணம்.

இரவுப் பணிக்குச் செல்லும் நண்பர் ஒருவர், பாட்டி காலத்து உணவைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று பெருமையாகச் சொல்வார். அந்த உணவை நள்ளிரவில், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விழுங்குவார். பாட்டி இந்நேரம் உறங்கியிருப்பாரே என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.

ஆலையில் தயாராகும் உணவுக்குப் பங்கில்லையா என்றால், நிச்சயமாக உண்டு. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, மிகையாகப் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், அதிகம் பதப்படுத்தாத உணவை இரண்டு வாரமும் கொடுத்து, விரும்பிய அளவு உண்ணலாம் என்றார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருந்தும், முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள். எனக்கு இந்த வேகம்தான் முக்கியமாகப் படுகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், அவசர அவசரமாக உண்டால் வீட்டுச் சமையலும் அளவு மீறத்தான் செய்யும்.

உழைப்பு குறைந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்: நாள் முழுதும் உடலால் உழைத்தவருக்குப் போதுமாயிருந்த அளவு, நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு மிகை.

ஆகவே எதை உண்பது என்ற கேள்வியைக் காட்டிலும், நம் உணவு வேளையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். பணிநேரமா, பயணமா, கைப்பேசியா? அந்த நேயர் தம் வீட்டில் இரவு உணவை எத்தனை மணிக்குத் தொடங்கி, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதை எழுதினால், மேற்கொண்டு குறிப்பாகப் பதில் சொல்ல முடியும்.