கணக்கில் ஏறாத வருஷங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல வருஷங்களாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சனிக்கிழமை காலைகளை கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு நூலகத்தில்தான் கழிக்கிறேன். வருமானம் குறைந்தவர்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இலவச சேவை அது. என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலா பக்கத்துப் பெண்கள். வீடு துடைப்பவர்கள், குழந்தை பார்த்துக்கொள்பவர்கள், ஹோட்டல் அறைகளில் படுக்கை விரிப்பவர்கள். அவர்களுடைய முதுமைக் காலத்தைப் பற்றிப் பேச இன்று நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் நம்மில் பலருடைய வீட்டு மணியை அடிப்பவர்கள் இவர்கள்தான்.

அப்படி வந்த ஒரு அம்மாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். வயது 63. இந்த ஊருக்கு வந்து 31 வருஷம். முதல் எட்டு வருஷம் ஒரு ஹோட்டலில் வேலை. அதன்பிறகு 23 வருஷமாக வீடுகளைச் சுத்தம் செய்கிறார். முழங்கால் வலிக்கிறது, எனக்கு 'ரெத்தீரோ' எவ்வளவு வரும் என்று கேட்டார். ரெத்தீரோ என்றால் ஓய்வுக் காலம். சரி, அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் தளத்தில் அவருடைய பதிவைத் திறந்து பார்க்கலாம் என்று இருவரும் சேர்ந்து திறந்தோம். ஹோட்டல் வருஷங்கள் எட்டும் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷத்துக்கு எதிரிலும் பூஜ்யம். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். ஒரு வீட்டின் தெருப் பெயரைச் சொல்லி, "அங்கே 19 வருஷம் போனேனே, அது எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். காட்டுவதற்கு என்னிடம் எந்த வரியும் இல்லை.

இந்த நாட்டில் ஓய்வூதியம் கிடைக்க 40 புள்ளிகள் வேண்டும். வருஷத்துக்கு அதிகபட்சம் நான்கு, அதாவது குறைந்தது பத்து வருஷ உழைப்பு. 2025 கணக்குப்படி, வரி கட்டிய 1,810 டாலர் வருமானத்துக்கு ஒரு புள்ளி. எட்டு வருஷத்துக்கு 32. எட்டுப் புள்ளி குறைகிறது. கொஞ்சம் குறைத்துத் தருவார்கள் என்று எண்ணாதீர்கள். 40 இல்லையென்றால் சொந்த உழைப்புக்கென்று ஒரு டாலர்கூட வராது. 65 வயதில், முதியோருக்கான அரசுத் திட்டமான மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீடு கட்டணமில்லாமல் கிடைப்பதும் பெரும்பாலும் இதே 40-ஐப் பொறுத்ததுதான். 40-ஐத் தாண்டிவிட்டாலும் கதை முடிவதில்லை. மிக அதிகம் சம்பாதித்த 35 வருஷங்களை எடுத்துத்தான் சராசரி போடுகிறார்கள். பதிவில் 22 வருஷம்தான் இருக்கிறதென்றால் மீதி 13 இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு வகுப்பார்கள்.

இது எங்கிருந்து வந்தது? 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் அந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், தென்மேற்கில் மெக்சிகோ வம்சத்தவர். 1950-இல் வந்த திருத்தம்தான் வழக்கமாக வேலைக்கு வருபவர்களை உள்ளே சேர்த்தது. சட்டம் மாறி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சமையலறை மேடையில் ரொக்கத்தை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சத்தில் வந்த, பெண்களுக்கு நிதிக் கல்வி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஆங்கிலக் கையேட்டை ஸ்பானிஷில் மாற்றி வைத்துக்கொண்டு, சேமிக்கப் பழகுங்கள் என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. இவர்களுக்கா சேமிக்கத் தெரியாது? பத்துப் பெண்கள் சேர்ந்து வாரம் ஆளுக்கு 100 டாலர் போடுகிறார்கள். வாரம் ஒருவர் 1,000 டாலர் எடுத்துக்கொள்கிறார். மெக்சிகோக்காரர்கள் இதைத் 'தாண்டா' என்பார்கள், குவாத்தமாலாவில் 'குச்சுபால்'. நம் சீட்டேதான், ஏலமும் கமிஷனும் மட்டும் கிடையாது. முதல் எண் கிடைத்தால் கடன், கடைசி எண் கிடைத்தால் சேமிப்பு. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிய பிறகு இதையும் கட்டுகிறார்கள். 2023-இல் மெக்சிகோவுக்கு மட்டும் இப்படிப் போய்ச் சேர்ந்தது 6,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் தாண்டா பத்து வாரத்தில் முடிந்துவிடுகிறது, வட்டி இல்லை. முதுமையோ இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடும். அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பெண்கள் சராசரியாக வெள்ளைப் பெண்களைவிட அதிக வருஷம் வாழ்கிறார்கள். முழுநேர வேலையில் இருந்தாலும், வெள்ளை ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் இவர்கள் கைக்கு வருவது 60 சென்ட்டைத் தொடுவதில்லை. அதனால் என்னைக் கேட்டால், வகுப்பின் முதல் மணி நேரத்தில் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பதிவைத் திறந்து, எந்த வருஷம் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று பார்த்தால் போதும்.

பார்த்தால் சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் காலக்கெடு உண்டு. ஒரு வருஷம் முடிந்து மூன்று வருஷம், மூன்று மாதம், 15 நாள். அதற்குள் சுயதொழில் வருமானத்துக்கு வரி தாக்கல் செய்துவிட்டால் அந்த வருஷம் பதிவில் ஏறிவிடும். தாண்டிவிட்டால் பெரும்பாலும் போனதுதான்.

திருமண விஷயமும் இவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. திருமணம் பத்து வருஷமாவது நீடித்து விவாகரத்தானவர், மறுமணம் செய்யாமல் இருந்தால், 62 வயதுக்குப் பிறகு முன்னாள் கணவருடைய பதிவின் பேரில் அவர் தொகையில் பாதி வரை பெறலாம். அவர் சம்மதம் தேவையில்லை, அவர் பங்கும் குறையாது. நம் 63 வயது அம்மாவின் திருமணம் ஏழு வருஷத்தில் முறிந்துவிட்டது. அந்தக் கதவும் திறக்கவில்லை.

வயதும் முக்கியம். 1960-இலோ அதற்குப் பின்னோ பிறந்தவருக்கு முழுத் தொகை 67 வயதில். அது 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 62-இலேயே வாங்க ஆரம்பித்தால் 700, 70 வரை பொறுத்தால் 1,240. முழங்கால் தேய்ந்தவரிடம் 70 வரை பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

மனதை அறுக்கும் இன்னொன்றும் உண்டு. கலிஃபோர்னியாவில் படுக்கையில் கிடப்பவரை வீட்டிலேயே கவனித்துக்கொள்ள அரசு சம்பளம் தருகிறது. மனைவி கணவனைக் கவனித்துக்கொண்டால் அந்தச் சம்பளம் சோஷியல் செக்யூரிட்டி பதிவில் ஏறுவதில்லை. இரவு பகலாகப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டிய வருஷங்களும் பூஜ்யமாகவே நிற்கின்றன. இதைச் சட்டம்தான் மாற்ற வேண்டும்.

இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லாதவர்களில் பலர் ITIN என்ற வரி எண் வாங்கி ஒழுங்காக வரி கட்டுகிறார்கள், அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. மெக்சிகோவில் உழைத்த வருஷங்களையும் இங்கே உழைத்த வருஷங்களையும் சேர்த்துக் கணக்கிட இரு நாடும் 2004-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்தியாவுடன் அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்பது நம்மில் விசாவில் வந்து திரும்பிப் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

காகிதம் இல்லாதவர்களுக்கும் திறந்திருக்கும் வாசல், மாநில அரசின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான கால்சேவர்ஸ். சுயதொழில் செய்பவர் தானே சேரலாம், வரி எண் இருந்தாலே போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ளவர்கள் 2027-ஐக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானக்காரர் அந்த வருஷத்திலிருந்து ஓய்வுக் கணக்கில் 2,000 டாலர் போட்டால், மத்திய அரசு தன் பங்காக 1,000 டாலர் வரை ஓய்வுக் கணக்கில் சேர்க்கும். இதுவரை இருந்தது வரியில் கழிவு மட்டும். வரியே வராத அளவுக்கு ஏழைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சொந்தச் சாமான்களோடு பல வீடுகளுக்குப் போகிறவர் பொதுவாகச் சுயதொழில்காரர். அவர் வரியை அவர்தான் கட்ட வேண்டும். நாம் ரசீதாவது கொடுக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் அப்படியில்லை, அவர் நம் ஊழியர். 2025-இல் 2,800 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் அவர் பங்கு 7.65 சதவீதம், நம் பங்கு 7.65 சதவீதம் கட்டியாக வேண்டும். "அவங்களே ரொக்கம்தான் கேட்டாங்க" என்று என்னிடம் சொன்ன நண்பர்கள் உண்டு. கேட்டிருப்பார்கள். 63 வயதில் அந்தப் பதிவைத் திறந்தால் என்ன தெரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த அம்மா அன்றைக்குப் போய்விட்டு அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தார். கையில் கோடு போட்ட நோட்டு. எந்த வீடு, எந்தத் தேதி, எத்தனை டாலர் என்று பல வருஷத்துக்கு எழுதி வைத்திருந்தார். தாண்டா கணக்கும் அதிலேயே. காலக்கெடு தாண்டாத வருஷங்களில் இரண்டுக்கு அந்த நோட்டை வைத்துப் படிவம் நிரப்பினோம். வரியும் அபராதமும் சேர்ந்து பெரிய தொகைதான், தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். எட்டுப் புள்ளிகளும் ஏறிவிட்டன. இந்தத் தடவை தாண்டாவில் பத்தாம் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறாராம். அந்த 1,000 டாலர் தவணைக்கு.