சாவி யார் மடியில்?

நடுவர் அவர்களே, வணக்கம். 'நாடுகளை இணைக்கும் எரிவாயுக் குழாய் உறவுப் பாலமா, கழுத்துக் கயிறா?' என்பது தலைப்பு. கழுத்துக் கயிறுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் 1970-ஐ எடுத்தார். மேற்கு ஜெர்மனி இரும்புக் குழாய் கொடுத்தது, சோவியத் யூனியன் எரிவாயு கொடுத்தது, பனிப்போரிலும் வால்வை மூடவில்லை என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, நானும் மறுக்கவில்லை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டாரே! 2006 ஜனவரி 1 அன்று ரஷ்யா உக்ரைனுக்கு எரிவாயுவை நிறுத்தியது. 2009 ஜனவரியில் மறுபடியும் விலைத் தகராறு. உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் எரிவாயு இரண்டு வாரம் போல நின்றுபோனது. சண்டை மாஸ்கோவுக்கும் கீவுக்கும். குளிரில் நடுங்கியது பல்கேரியாக்காரர்.

இதைப் பார்த்த ஜெர்மனி கடையை அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? கடைக்குப் போகும் பாதையை மாற்றியது! 2011-ல் உக்ரைனைத் தொடாமல், ரஷ்யாவிலிருந்து நேராக ஜெர்மனிக்கு, பால்டிக் கடலுக்கு அடியில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் நார்ட் ஸ்ட்ரீம் குழாய். அதற்கு ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஜெர்மனியின் சான்சலராக, அதாவது ஆட்சித் தலைவராக இருந்த ஷ்ரோடர், நாற்காலி போன கொஞ்ச நாளில் அதே குழாய் நிறுவனத்தில் போய் உட்கார்ந்தார். நடுவர் சிரிக்கிறீர்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா.

அதைவிட வேடிக்கை ஒன்று. ரேடனில் இருக்கும் ஜெர்மனியின் மிகப் பெரிய எரிவாயுக் கிடங்கு 2015-ல் ரஷ்யாவின் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கைக்கே போனது. அரிசியும் அவர் கடையில், நம் வீட்டு அரிசி அறையின் சாவியும் அவர் மடியில்! 2021-ல் குளிர்காலம் தொடங்கும்போது கிடங்கு ஏறக்குறைய காலி. 2022 பிப்ரவரியில் ரஷ்ய டாங்கிகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனி வாங்கிய எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது.

லித்துவேனியாவைப் பாருங்கள். 30 லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அதற்கு எரிவாயு விற்க அப்போது காஸ்ப்ரோமைத் தவிர ஆளில்லை. 2014-ல் தன் கிளைப்பேடா துறைமுகத்துக்கு ஒரு மிதக்கும் எரிவாயு முனையத்தை, அதாவது கப்பலில் வரும் திரவ எரிவாயுவை மறுபடி வாயுவாக்கித் தரும் ஒரு கப்பலை, வாடகைக்குக் கொண்டுவந்தது. கப்பலின் பெயரே 'இண்டிபெண்டன்ஸ்', சுதந்திரம்! அது கரைக்கு வந்து சேரும் முன்பே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்தது. வீட்டில் இரண்டாவது சிலிண்டர் இருக்கிறது என்று தெரிந்தால் கடைக்காரர் குரலே மாறிவிடும், இல்லையா? 2022 ஏப்ரலில் ரஷ்ய எரிவாயுவே வேண்டாம் என்றது அந்த நாடு.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா, குழாய் எரிவாயு மலிவு என்பார். மலிவுதான், வால்வு திறந்திருக்கும் வரை. 2022-ல் அது மூடத் தொடங்கியதும் ஐரோப்பா என்ன விலையும் கொடுத்துத் திரவ எரிவாயுக் கப்பல்களைத் தன் பக்கம் இழுத்தது. மின்சாரத்துக்கு அதே கப்பல்களையும் நம்பியிருந்து, கூடுதல் விலைக்கு ஈடுகொடுக்க முடியாத பாகிஸ்தானில் மின்வெட்டு. ஜெர்மனி மலிவாக வாங்கியதற்கு, விசிறி நின்றுபோன ஒரு பாகிஸ்தான் வீடும் பணம் கட்டியது. அதையும் கணக்கில் எழுதிவிட்டு அம்மா மலிவைப் பேசட்டும், நடுவர் அவர்களே.