துடைப்பத் துப்பாக்கிப் படை

வணக்கம். படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கேமரா இன்றைக்கு அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே தெருவில் நான்கு பையன்கள் துடைப்பத்தைத் தோளில் சார்த்திக்கொண்டு லெஃப்ட், ரைட் போடுகிறார்கள். கேட்கிறதா? அவர்களைப் பார்த்ததும் எனக்கு இரண்டு ஓபராக்கள், அதாவது பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகங்கள், நினைவுக்கு வந்துவிட்டன.

ஒன்று, பிரெஞ்சுக்காரர் பிசே இசையமைத்த 'கார்மென்'. 1875 மார்ச் 3 அன்று பாரிசில் அரங்கேறியது. கதை ஸ்பெயினின் செவில் நகரில் நடக்கிறது. காவல் மாறும் நேரத்தில் தெருப் பிள்ளைகள் சிப்பாய்களோடு சேர்ந்து, 'தா ரா தா தா' என்று எக்காளத்தை வாயாலேயே ஊதிக்கொண்டு வருவார்கள். பாட்டில் சண்டையே கிடையாது. தோள் பின்னுக்கு, நெஞ்சு முன்னுக்கு, கை உடம்போடு. நடை வந்துவிட்டால் போதும், அவன் சிப்பாய்தான்!

மறு வருடம் இதைப் பாரிசில் பார்த்துச் சொக்கிப்போனவர் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி. 1890இல் வந்த அவருடைய ஓபரா 'இஸ்பேட் ராணி' பிள்ளைப் பட்டாளத்தோடுதான் தொடங்குகிறது. ரஷ்ய எழுத்தாளர் புஷ்கின் எழுதிய மூலக்கதையில் இந்தப் பட்டாளம் இல்லை.

இடம், பீட்டர்ஸ்பர்கின் கோடைப் பூங்கா. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் காலம். பொம்மை ஆயுதங்களோடு பையன்கள் வருகிறார்கள். தளபதியும் ஒரு பொடியன்தான். துப்பாக்கியை இப்படிப் பிடி, காலடியில் வை என்று அதட்டுகிறான். பிறகு பாட்டு. ரஷ்யாவின் பகைவர்களை நடுங்க வைக்கத்தான் கூடியிருக்கிறார்களாம். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் ஓடிப்போக வேண்டும், இல்லையென்றால் பணிய வேண்டும். தாய்நாட்டைக் காக்கும் பொறுப்பு தங்கள் தலையில் விழுந்திருக்கிறதாம். எதிரிகளைக் கணக்கில்லாமல் சிறைப்பிடிப்பார்களாம். இந்தக் 'கணக்கில்லாமல்' வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதவன் வேறு எப்படிச் சொல்வான்? பேரரசிக்கு ஒரு வாழ்த்தும் உண்டு. ஆயாக்கள் பூரித்துப்போகிறார்கள்.

செவில் வாண்டுகள் சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் நடந்து பழகியவர்கள். இந்தப் பையன்களோ, பெரியவர்கள் விருந்தில் பேசியதை ஒட்டுக்கேட்டு வந்து ஒப்பிப்பதுபோலத்தான் எனக்குப் படுகிறது. நடையைவிட வசனம்தான் அதிகம்.

பட்டாளம் போனதும் நிஜ அதிகாரிகள் இருவர் மேடைக்கு வருகிறார்கள். வந்ததும் என்ன பேசுகிறார்கள், எல்லைப் பாதுகாப்பா? நேற்றிரவுச் சீட்டாட்டம் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்கிறார். படுதோல்வி என்கிறார் மற்றவர். நாயகன் ஹெர்மனும் அங்கேதான் இருந்தானாம். இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை மேசையை விட்டு நகராமல், வாய் திறக்காமல் ஒயின் குடித்தானாம்.

சரி, கீழே துடைப்பம் ஒடிந்த சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டுத் துடைப்பமா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.