தொழுவத்துச் சுவரில் பூக்கும் உப்பு

நேயர்களுக்கு வணக்கம். பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பு வேலையில் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். இன்று மாட்டுத் தொழுவங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இன்னும் பல இடங்களில் ஒரு பழைய தொழுவம் நிற்கிறது. கல் தூண், கூரையைத் தாங்க வைரம் பாய்ந்த பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், மேலே ஓடு. ஏர் மாடும், கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைத்த மாடும் நின்ற இடம். மோட்டாரும் டிராக்டரும் வந்த பிறகு அங்கே சாக்கும் உடைந்த கலப்பையும்தான் கிடக்கின்றன. ஜேசிபி விட்டால் ஒரு மணி நேரத்தில் தரைமட்டம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பனங்கையும் கல்லும் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு தொழுவத்தை எடுத்துக் கட்டினோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணாடி அடைத்து ஏசி போட்டு விசேஷ மண்டபம் ஆக்கலாம் என்றார் ஒருவர். ஊர்ப் பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும் என்றார் அந்த வீட்டுப் பெண். நான் அவர் பக்கம் நின்றேன். தொழுவம் காற்றோட்டத்துக்காகக் கட்டியது. அதை அடைத்தால் சுவர் கெடும். ஏன் என்று சொல்கிறேன்.

தலைமுறை தலைமுறையாக மாடு நின்ற இடத்தில் கோமியம் தரைக்குள் இறங்கி, அங்கிருந்து ஈரத்தோடு சுவரில் ஏறியிருக்கும். அதிலிருந்து மண்ணில் உருவாகும் நைட்ரேட் உப்பு செங்கல்லுக்குள் தங்கிவிடும். பழைய காலத்தில் மாட்டுக் கொட்டில் மண்ணைக் கரைத்துக் காய்ச்சித்தான் வெடியுப்பு எடுத்தார்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிப்போன வெடிமருந்துச் சரக்கு அதுதான். அதே வகை உப்பு நம் தொழுவத்துச் சுவரிலும் இருக்கிறது. மழை நாளில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சுவர் கசியும். வெயில் நாளில் உப்பு மறுபடி உறைந்து பூக்கும். உறையும்போது விரிந்து காரையை உள்ளிருந்து தள்ளும். தொட்டால் மாவாக உதிரும்.

இதைப் பார்த்துப் பயந்து பலரும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். இரண்டு வருஷம் சுவர் பளிச்சென்று இருக்கும். அப்புறம் சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்று விழும். கூடவே செங்கல்லின் முகமும் பெயர்ந்து வரும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். இப்படிக் கெட்டுப்போன சுவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, என்ன செய்வது? உப்பு ஏறிய உயரத்துக்குச் சற்று மேலே வரை பழைய பூச்சை எடுத்துவிட வேண்டும். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் மட்டும் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு களிமண்ணும் மணலும் குழைத்து, தலைவலிக்குப் பற்றுப் போடுவதைப் போல, சுவரில் விரல் கனத்துக்கு அப்புகிறோம். அது காயும்போது உள்ளிருக்கும் உப்புநீரை இழுத்துக்கொள்ளும். உரித்து எடுத்துவிட்டு மறுபடி ஒரு பற்று. பொள்ளாச்சியில் முதல் பற்றை உரித்தபோது அதன் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கொத்தனார் அதை வீட்டுக்காரரின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சிமெண்டைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

தரையையும் ஓர் அடிக்குத் தோண்டினோம். அந்த மண் தென்னைக்குப் போயிற்று, அருமையான உரம். குழியில் ஜல்லி நிரப்பி, மேலே பழைய பட்டியக்கல்லையே பாவினோம். தரை முழுக்கக் கான்கிரீட் போட்டால் அடியில் உள்ள ஈரம் எல்லாம் சுவருக்குத்தான் ஓடும். சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசினோம். மிச்ச உப்பு அந்தப் பூச்சில் வந்து பூக்கும், சில வருஷம் கழித்து அதை மட்டும் மாற்றினால் போதும், செங்கல் பிழைத்துவிடும்.

கூரையில் பனங்கைகளின் நடுப்பகுதி திடமாக இருந்தது. சுவருக்குள் செருகியிருந்த முனைகளைத்தான் கரையான் தின்றிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தாலே தெரியும். நல்ல பனை இறங்கவிடாது. கெட்ட முனையை மட்டும் அறுத்து, இடிக்கிற வீட்டிலிருந்து வந்த பழைய பனையில் துண்டு சேர்த்தார் ஆசாரி. ஓடு மங்களூர் மாதிரி. பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தெற்கெங்கும் பரவிய வகை அது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்றவற்றை மறுபடி வேய்ந்தோம்.

மாட்டுக்குத் தீவனம் வைத்த கல் காடிகளை அப்படியே விட்டுவிட்டு, மேலே பலகை போட்டிருக்கிறோம். பிள்ளைகள் அதில்தான் நோட்டை வைத்து எழுதுகிறார்கள். புத்தக அலமாரிகளை மட்டும் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னேன். முதல் ஒன்றிரண்டு வருஷம் சுவர் ஈரம் கக்கத்தான் செய்யும்.

உங்கள் தோட்டத்திலும் தொழுவம் இருந்தால், வேலையைத் தை மாதம் ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் அதற்குள் வடிந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. சுண்ணாம்பு அவசரமாகக் காயக் கூடாது; பூசிய சுவரைச் சாக்கு நனைத்துப் போர்த்தி வையுங்கள். ஆனிச் சாரல் தொடங்குவதற்குள் ஓடு வேய்ந்து முடித்துவிடலாம். நன்றி, வணக்கம்.