மேகி என்ன நிறம்?

தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘இனம், அடையாளம், உரிமை’ என்று கனமாகப் போட்டுவிட்டார்கள். என் பையில் இருப்பதோ ஒரு குறுநாவலும் ஒரு சிறுகதையும். இரண்டும் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் எழுதியவை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் படித்து முடித்துவிடலாம், மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தால்.

முதலில் ஒரு ரயில் டிக்கெட் கதை. 1892 ஜூன் 7, நியூ ஆர்லியன்ஸ் நகரம். காலணி தைக்கும் தொழிலாளி ஹோமர் பிளெஸ்ஸி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி என்று 1890-லேயே லூசியானா மாநிலம் சட்டம் போட்டிருந்தது. பிளெஸ்ஸியின் முன்னோரைக் கணக்குப் பார்த்தால் எட்டில் ஒரு பங்குதான் ஆப்பிரிக்க வழி. ஆளைப் பார்த்தால் வெள்ளைக்காரர். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போகவேண்டிய ஊருக்கு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஆனால் அந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கத்தான் ஒரு குழு அவரை அனுப்பியிருந்தது. ரயில் கம்பெனிக்கும் முன்கூட்டியே சேதி போயிருந்தது. தனிப் பெட்டி கோப்பது வீண்செலவு என்று கம்பெனிக்கும் அந்தச் சட்டத்தின் மேல் எரிச்சல். கைது செய்வதற்கான துப்பறிவாளரையும் குழுவே கூலிக்கு அமர்த்தியிருந்தது! கண்டக்டர் வந்து கேட்டார். ‘ஆமாம், நான் கறுப்பர்தான்’ என்று இவர் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கைது. 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. லூசியானா ஆளுநர் பிளெஸ்ஸிக்கு மன்னிப்பு வழங்கியது 2022-இல். அவர் இறந்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது என்ற நிலையில்.

நம்மைத் தொட்ட வழக்கும் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே அமெரிக்கா குடியுரிமை வழங்கி வந்த காலம். 1922 நவம்பரில் தக்காவோ ஓசாவா என்ற ஜப்பானியர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், என் தோலும் வெளுப்புத்தானே என்று கேட்டார். தோலின் வெளுப்பு கணக்கில் வராது, வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றே மாதம் கழித்து, அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியிருந்த பஞ்சாபியர் பகத் சிங் திண்ட் வந்தார். அந்தக் கால இனவியல் நூல்களைக் காட்டி, அவற்றின்படி நான் காக்கேசியன்தான் என்றார். இருக்கலாம், ஆனால் சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்றது நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி. மூன்று மாதத்தில் அளவுகோல் மாறிவிட்டது. கதவு மட்டும் அப்படியே சாத்தியிருந்தது.

அந்தச் ‘சாதாரண மனிதன் பார்வை’யைத்தான் நெல்லா லார்சன் தன் நாவலில் பிடித்துக்கொண்டார். 1929-இல் வந்த ‘பாஸிங்’. வெளுத்த தோல் உள்ள கறுப்பர், வெள்ளையர் என்ற பெயரில் வாழ்ந்துவிட்டுப் போவதற்கு அங்கே வழங்கிய சொல் அது. பிளெஸ்ஸி வாயைத் திறந்தார் இல்லையா? இவர்கள் திறக்காதவர்கள்.

சிகாகோவில் கொளுத்தும் வெயில். மயக்கம் வரும்போல் இருக்கவே, ஐரீன் ஒரு பெரிய ஹோட்டலின் மொட்டைமாடித் தேநீர்க்கூடத்துக்குப் போய் உட்காருகிறாள். வெள்ளையர் மட்டுமே வரும் இடம். எதிர் மேசைப் பெண் இவளையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று இவளுக்குள் உதறல். அப்புறம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள்: நகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம், காதின் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம், பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவோம் என்று இந்த வெள்ளைக்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள், என்னை இத்தாலியக்காரி என்பார்கள், ஸ்பானியக்காரி என்பார்கள், மெக்சிகோக்காரி என்பார்கள், ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. அந்த எதிர் மேசைப் பெண் யார்? கிளேர். ஐரீனோடு சேர்ந்து வளர்ந்த இன்னொரு கறுப்பினப் பெண். வெள்ளைக்காரி என்று நம்பவைத்து, கறுப்பர் என்றாலே கொதிக்கும் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, மகளையும் பெற்றுவிட்டவள்.

எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பயப்படுகிறவளும் பயமுறுத்துகிறவளும் ஒன்றாக வளர்ந்தவர்கள்.

லார்சனின் அம்மா டென்மார்க்கிலிருந்து வந்த வெள்ளைக்காரர். அப்பா டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த கறுப்பர். அம்மா ஒரு வெள்ளையரை மறுமணம் செய்துகொண்டபின், அந்த வீட்டிலேயே நிறத்தால் தனித்துத் தெரிந்த பிள்ளை இவர். செவிலியராக இருந்தார், பிறகு நியூயார்க் ஹார்லெமில் நூலகர். நூலக அரங்கில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போனால் நம் நூலகர் என்னை விடமாட்டார். 1930-இல் கூகன்ஹைம் நல்கை கிடைத்தது. கறுப்பினப் பெண்ணுக்கு எழுத்துக்காக அது கிடைத்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு ஒரு கதையைத் தழுவி எழுதிவிட்டார் என்று குற்றச்சாட்டும் வந்தது. அதன்பின் புத்தகம் எதுவும் வெளிவரவில்லை. மறுபடி செவிலியர் உடுப்பை மாட்டிக்கொண்டு, 1964-இல் காலமாகும்வரை பெரும்பாலும் அந்த வேலையிலேயே இருந்தார்.

இப்போது சிறுகதைக்கு வருகிறேன். டோனி மாரிசனை அறிந்திருப்பீர்கள். 1993-இல் நோபல் பெற்றவர். நாவலாசிரியர். சிறுகதைப் பக்கம் அநேகமாக எட்டிப் பார்க்காதவர், 1983-இல் ‘ரெசிட்டடிஃப்’ என்று ஒன்று எழுதினார். அனாதை விடுதி ஒன்றில் ட்வைலா, ராபர்ட்டா என்ற எட்டு வயதுச் சிறுமிகள் நான்கு மாதம் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. அதுவரைக்கும் கதையே சொல்லிவிடுகிறது. யார் கறுப்பு, யார் வெள்ளை என்பதைக் கடைசி வரி வரைக்கும் சொல்லவே இல்லை! வேண்டுமென்றே செய்த பரிசோதனை அது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

விஷயம் என்னவென்றால், குறிப்புகள் வந்துகொண்டே இருக்கும். ட்வைலாவின் அம்மா இரவெல்லாம் நடனமாடுகிறவள். ராபர்ட்டாவின் அம்மா மார்பில் பெரிய சிலுவையோடு, கையில் பைபிளோடு வருகிறாள். ட்வைலாவின் அம்மா கை நீட்டினால் குலுக்காமல் திரும்பிக்கொள்கிறாள். மகளுக்குக் கோழிக்கால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ராபர்ட்டாவின் இனத்தாரைப் பற்றி ‘அவர்கள் தலைக்கே குளிக்க மாட்டார்கள், ஒரு மாதிரி வாடை வரும்’ என்று தன் அம்மா சொல்லிக் கேட்டிருப்பவள் ட்வைலா. வளர்ந்தபின் இவள் உணவகத்தில் பரிமாறுகிறாள், தீயணைப்புக்காரர் குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறாள். ராபர்ட்டா பணக்காரி ஆகிறாள்.

ட்வைலா வெள்ளைக்காரி என்று நான் முடிவுகட்டினேன். என் மனைவி படித்துவிட்டு, கறுப்பினப் பெண்தான், சந்தேகமே இல்லை என்றார். இரண்டு நாள் வீட்டில் இதே பஞ்சாயத்து. அவர் கோழிக்காலைக் காட்டுவார், நான் நடனத்தைக் காட்டுவேன். அவர் கை குலுக்காததைக் காட்டுவார், நான் அதையே திருப்பிக் காட்டுவேன். எங்களிடம் இருந்ததெல்லாம் கறுப்பர் இப்படி, வெள்ளையர் அப்படி என்று சினிமாவிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் பொறுக்கிய சரக்கு. அமெரிக்காவை நாங்கள் விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை.

ஆனால் இந்த விளையாட்டு நமக்குப் புதிதா என்ன? புதிதாக ஒருவர் அறிமுகமானால் ‘எந்த ஊரு?’ என்று தொடங்குவோம். ஊர் பெரிதாக இருந்தால் ‘எந்தத் தெரு?’ அதுவும் பிடிகொடுக்கவில்லையென்றால் ‘குலசாமி எங்கே இருக்கு?’ வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ‘நீங்க சைவமா?’ தமிழ்க் கதை ஒன்றில் பாத்திரம் பெயர் இல்லாமல் வந்தால்கூட, இரண்டு வரி வசனத்தில் சாதியை மோப்பம் பிடித்துவிட்டுத்தான் மேலே படிப்போம். மாரிசனின் கதையில் மூக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும், பிடிபடுவது ஒன்றும் இருக்காது.

அந்த விடுதியில் மேகி என்று ஒரு சமையல்காரம்மா உண்டு. வாய் பேச முடியாது, கால்கள் வளைந்திருக்கும், குழந்தைகள் போடுகிற தொப்பி ஒன்றை மாட்டியிருப்பார். ஒருநாள் தோட்டத்தில் விழுந்துவிடுகிறார். பல வருஷம் கழித்து, பள்ளியில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து சேர்ப்பது பற்றிய தகராறில் தோழிகள் ஆளுக்கொரு பக்கம் தட்டி பிடித்து நிற்கும்போது ராபர்ட்டா சொல்கிறாள்: கீழே கிடந்த ஏழைக் கறுப்புக் கிழவியை நீ உதைத்தாய். ட்வைலாவுக்குத் தலை சுற்றுகிறது. உதைத்தேனா? அதைவிட, மேகி கறுப்பா? மணல் நிறம் என்றுதான் அவளுக்கு ஞாபகம். அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் ராபர்ட்டா, நாம் உதைக்கவில்லை, பெரிய பெண்கள்தான் உதைத்தார்கள், ஆனால் நானும் உதைக்க ஆசைப்பட்டேன் என்று அழுகிறாள்.

நான் இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மேகி என்ன நிறம் என்று அடுத்த பஞ்சாயத்தைத் தொடங்கினேன். மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “என்னங்க, ரெண்டு நாளா நிறத்தையே பேசிட்டிருக்கோமே, கீழே விழுந்த அந்த அம்மாவை யாராவது தூக்கிவிட்டாங்களா இல்லையா?”

புத்தகத்தை எடுத்துத் திரும்பத் தேடினேன். தூக்கிவிட்டிருக்க வேண்டும், ஆனால் பயந்துவிட்டோம் என்று தொடக்கத்திலேயே ட்வைலா சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த வரியை முதல் தடவை படித்த ஞாபகமே எனக்கு இல்லை.

நன்றி, வணக்கம்.